மெட்டி இறுகிய பதினாறு மணி நேரம்

“ஒரு வேலையும் பாக்காம உக்காந்துதானே வர்றேன், கால் எதுக்கு தம்பி இப்படி வீங்குது?”

ஜன்னலோர இருக்கையிலிருந்து அந்த அம்மா கேட்டபோது, நாங்கள் ரஷ்யாவின் வட கரையைத் தாண்டி ஆர்க்டிக் பெருங்கடலுக்கு மேல் வந்திருந்தோம். கும்பகோணத்துக்காரர். அறுபத்து மூன்று வயது. சான் ஹோசேயில் இருக்கும் மகளுக்குத் தலைப்பிரசவம். பார்த்துக்கொள்ளத் தனியாகவே கிளம்பிவிட்டார். கும்பகோணத்திலிருந்து ரயிலில் சென்னை, சென்னையிலிருந்து நாலு மணி நேரத்தில் வளைகுடா, அங்கே விமானம் மாறி சான் பிரான்சிஸ்கோ. இந்தக் கடைசிக் கட்டம் மட்டும் ஏறக்குறைய 13,000 கிலோமீட்டர், பதினாறு மணி நேரம். எகானமி வகுப்பு. வரிசைக்குப் பத்துப் பேர், ஓர் இருக்கைகூடக் காலி இல்லை.

புடவைக் கொசுவத்தைக் கொஞ்சம் ஒதுக்கிக் காலைக் காட்டினார். இரண்டாவது விரலில் கிடந்த வெள்ளி மெட்டி சதைக்குள் புதைந்திருந்தது. அதற்கு முன்னால் விரல் நுனி பளபளவென்று உப்பியிருந்தது. கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அவரே ஒருமுறை அழுத்தி எடுத்தார். குழி விழுந்தது, அது நிரம்பச் சில நொடிகள் ஆயின. மெட்டியைக் கழற்றி வைத்துவிடலாமே என்றேன். “அவர் இருக்கறப்போ அதக் கழட்டக் கூடாது தம்பி” என்று சட்டென்று காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

அவர் கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடியவில்லை. நீண்ட பயணத்தில் உடம்புக்கு நேர்வதில் சில, விமானம் செய்பவை; சில, இருக்கை செய்பவை. இரண்டையும் நாம் ஒரே மூட்டையாகக் கட்டி “ஃப்ளைட்டு ஒத்துக்கல” என்று சொல்லிவிடுகிறோம். பிரித்துப் பார்த்தால்தான் அந்த மெட்டி ஏன் இறுகியது என்பது தெரியும்.

*

முதலில் விமானம் செய்வது. நாங்கள் பறந்துகொண்டிருந்தது சுமார் 35,000 அடி உயரத்தில். ஜன்னலுக்கு வெளியே மைனஸ் 54 டிகிரி செல்சியஸ் குளிர். காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் கால் பங்குகூட இல்லை. அந்தக் காற்றில் நம்மை நிறுத்தினால் ஒரு நிமிடத்துக்குள் நினைவு தப்பிவிடும். அதனால் என்ஜினின் முன்பகுதியில் காற்று அழுத்தப்படும்போதே அதில் ஒரு பங்கைப் பிரித்தெடுத்து, கொதிக்கும் சூட்டிலிருந்து குளிரவைத்து, கேபினுக்குள் செலுத்துகிறார்கள். போயிங் 777 போன்ற பெரும்பாலான விமானங்களில் இதுதான் ஏற்பாடு. உள்ளே இருக்கும் காற்றில் ஏறக்குறையப் பாதி வெளியிலிருந்து புதிதாக வருவது. மறுபாதி நுண்வடிகட்டிகள் வழியாகச் சுற்றிவருவது.

உள்ளே வரும் காற்று கடல் மட்டத்து அழுத்தத்தில் இருப்பதில்லை. கேபின் அழுத்தம் 8,000 அடி உயரத்து மலைக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறையக் கூடாது என்பதே விதி. 8,000 அடி என்பது 2,438 மீட்டர். ஊட்டி 2,240 மீட்டர். தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர். ஆக, கடல் மட்டத்திலிருந்து முப்பது மீட்டர்கூட உயரமில்லாத கும்பகோணத்தில் கிளம்பிய அந்த அம்மாவை, விமானம் அரை மணி நேரத்தில் ஊட்டிக்கும் தொட்டபெட்டாவுக்கும் நடுவில் ஏதோ ஒரு சரிவில் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டது. பதினாறு மணி நேரமும் அவர் அந்த மலையில்தான் இருந்தார்.

ஏன் கடல் மட்டத்து அழுத்தமே வைக்கக் கூடாது? இதற்கான பதிலுக்காக மனிதர்கள் உயிரைக் கொடுத்திருக்கிறார்கள். உள்ளே அழுத்தம் அதிகம், வெளியே குறைவு என்றால் விமானத்தின் உடல் ஊதிய பலூன் போல விம்மி நிற்கிறது. 8,000 அடி அழுத்தம் வைத்தாலே அதன் சுவரில் ஒவ்வொரு சதுர மீட்டரையும் ஐந்து டன்னுக்கு மேற்பட்ட விசை வெளிநோக்கித் தள்ளுகிறது. ஒவ்வொரு பயணத்திலும் ஒருமுறை விம்மி ஒருமுறை தளர்கிறது. கம்பியை வளைத்து வளைத்து நிமிர்த்தினால் ஒடிவதுபோல் உலோகமும் களைக்கிறது. உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானமான காமெட், 1954 ஜனவரியில் இத்தாலியின் எல்பா தீவருகே வானத்திலேயே உடைந்து விழுந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் நேப்பிள்ஸ் அருகே இன்னொன்று. இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் ஒரு காமெட்டின் உடலை ராட்சதத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி, பயணத்துக்கு ஒருமுறை நடக்கும் அந்த விம்மலையும் தளர்வையும் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார்கள். ஏற்கெனவே பறந்த பயணங்களையும் சேர்த்துச் சுமார் 3,000 சுற்றில், ஜன்னல் திறப்பின் மூலையில் தொடங்கிக் கிழிந்தது. இன்று எந்த விமான ஜன்னலைப் பார்த்தாலும் மூலை மழுங்கி வளைந்திருப்பது அந்தத் தொட்டியில் கற்ற பாடம்.

அழுத்தத்தைக் கூட்ட வேண்டுமென்றால் சுவரைத் தடிப்பாக்க வேண்டும். சுவர் தடித்தால் எடை கூடும், எடை கூடினால் எரிபொருள் கூடும். அலுமினியத்தின் களைப்புக்கும் எரிபொருளின் விலைக்கும் மனித நுரையீரலின் பொறுமைக்கும் நடுவே எட்டப்பட்ட உடன்படிக்கைதான் இந்த 8,000 அடி. கார்பன் இழையால் உடலமைத்த போயிங் 787, ஏர்பஸ் ஏ350 விமானங்களில் இது சுமார் 6,000 அடிக்கு இறங்கியிருக்கிறது. எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது. ஊட்டியிலிருந்து கோத்தகிரிப் பக்கம் இறங்கியது போல.

என் பையில் கொரோனா காலத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டர் கிடந்தது. ஏறுவதற்கு முன் பார்த்தபோது எனக்கு 98. இப்போது 93. அந்த அம்மாவும் விரலை நீட்டினார். 91. எண்ணைப் பார்த்ததும் அவர் முகம் வெளிறிவிட்டது. 94-க்குக் கீழே போனால் ஆஸ்பத்திரி என்று வீட்டுக்கு வீடு மனப்பாடம் செய்திருந்த காலத்தை அவரும் கடந்து வந்தவர்தானே.

பயப்படத் தேவையில்லை என்று சொல்லி, காரணத்தையும் சொன்னேன். கொரோனாவில் காற்று சரியாக இருந்தது, நுரையீரல் பழுதாகிக்கொண்டே போனது. அப்போது 91 என்பது சரிவின் நடுப்படி. இங்கே நுரையீரல் நன்றாக இருக்கிறது, காற்றுதான் மெலிந்திருக்கிறது. நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் இதற்குத் தயாராகவே படைக்கப்பட்டிருக்கிறது. காற்றில் ஆக்சிஜனின் அழுத்தம் கால் பங்கு குறைந்தாலும் அது தன் சுமையில் சில சதவீதத்தைத்தான் இழக்கிறது. அதற்குக் கீழே போனால்தான் சரிவு செங்குத்தாகும். ஆரோக்கியமானவர் அந்த விளிம்புக்கு இப்பால் பத்திரமாக இருக்கிறார். நாள்பட்ட நுரையீரல் நோயோ இதய பலவீனமோ உள்ளவருக்கு அந்த விளிம்பு பக்கத்தில் இருக்கும். அவர்கள் டிக்கெட் எடுக்குமுன்பே மருத்துவரிடம் பேசிவிட வேண்டும். அம்மா இரண்டு மூன்று முறை ஆழமாக மூச்சிழுத்துவிட்டார். 94 வந்தது. அதன் பிறகுதான் விரலை எடுத்தார்.

மலையேறினால் வாயுக்களும் விரியும். அழுத்தம் கால் பங்கு குறைந்தால் கன அளவு மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. அவர் பையிலிருந்த முறுக்குப் பொட்டலம் தலையணை போல் உப்பியிருந்ததும், புடவை இடுப்பில் இறுக்குகிறது என்று அவர் நெளிந்ததும் ஒரே விதியின் வேலை. குடலுக்குள் இருக்கும் காற்றும் பொட்டலத்துக் காற்றும் இயற்பியலுக்கு வேறு வேறல்ல. கால் வீக்கத்துக்கும் இதுதான் காரணம் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது தவறு. காலில் வாயு இல்லை. அதுமட்டுமல்ல, ஊட்டியில் வாழ்பவர்கள் யாருக்கும் ஊட்டியில் வாழ்வதாலேயே கால் வீங்கி மெட்டி இறுகுவதில்லை.

*

அடுத்து வறட்சி. மைனஸ் 54 டிகிரியில் காற்றால் ஈரத்தைத் தாங்க முடியாது. அந்தக் காற்றை உள்ளே இழுத்துச் சூடாக்கினால் கிடைப்பது பாலைவனக் காற்று. நீண்ட பயணத்தில் கேபினின் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்குக் கீழேயே இருக்கிறது. டப்பாவில் உப்பு கசிந்து கட்டிபிடிக்கும் சென்னைக் காற்றில் வாழ்ந்த மூக்குக்கு இது பேரதிர்ச்சி. கண் உறுத்துகிறது, உதடு வெடிக்கிறது, தொண்டை காய்கிறது. மூக்கின் ஈரப்படலம் காய்ந்தால் வாசனை மங்குகிறது. சோற்றின் ருசி என்று நாம் நினைப்பதில் பெரும்பங்கு வாசனைதான்.

ஜெர்மனியில் மியூனிக் அருகே ஹோல்ட்ஸ்கிர்ஹென் என்ற ஊரில் ஃப்ராவுன்ஹோஃபர் ஆய்வு நிறுவனம், ஒரு ஏர்பஸ்ஸின் முன்பகுதியை அழுத்தம் குறைக்கக்கூடிய பெருங்குழாய்க்குள் வைத்திருக்கிறது. அதில் ஆட்களை உட்காரவைத்து, பறக்கும்போது இருக்கும் அழுத்தம், வறட்சி, இரைச்சல் எல்லாவற்றையும் உண்டாக்கிச் சாப்பிடக் கொடுத்தார்கள். உப்பு, இனிப்பு இரண்டின் சுவையும் கணிசமாக மங்கின. புளிப்பும் கசப்பும் காரமும் அவ்வளவாக அசையவில்லை. 2015-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இரைச்சலை மட்டும் தனியாகச் சோதித்தார்கள். விமானத்துக்குள் கேட்கும் 85 டெசிபல் ஓசை இனிப்பைக் குறைத்தது. தக்காளியிலும் காளானிலும் இருக்கும் உமாமி என்ற சுவையைத் தூக்கிக் காட்டியது. காதுக்கும் நாக்குக்கும் என்ன சம்பந்தம்? நாக்கின் முன்பகுதியிலிருந்து சுவையைச் சுமந்து செல்லும் நரம்பு, செவிப்பறையை ஒட்டித்தான் மூளைக்குப் போகிறது.

எனக்கு வந்த பாஸ்தாவில் உப்பே இல்லாததுபோல் இருந்தது. அம்மா வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்தார். நல்லெண்ணெய் மின்னும் புளியோதரை, வறுத்த மிளகாயும் கடலைப்பருப்புமாக. ஒரு கைப்பிடி என் தட்டிலும் வைத்தார். அதன் ருசி பூமியில் இருக்கும்போது இருப்பதைவிட ஒரு துளியும் குறையவில்லை. புளிப்பையும் காரத்தையும் நம்பிச் சமைத்த உணவை மலையும் பாலையும் இரைச்சலும் சேர்ந்தும் அசைக்க முடியவில்லை. கட்டுச்சோறு என்றாலே புளியோதரை என்று முடிவு செய்த நம் பாட்டிகள், கெடாமல் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அதைச் செய்தார்கள். அது வானத்திலும் செல்லுபடியாவது நமக்குக் கிடைத்த உபரி.

*

இதுவரை சொன்ன உயரம், வறட்சி, இரைச்சல் எதிலும் பெரிய வகுப்பு வித்தியாசம் கிடையாது. முன்னால் கட்டில் போல் விரியும் இருக்கையில் படுத்திருப்பவரும் அதே மலையில்தான் இருக்கிறார். அவர் சுவாசிப்பதும் அதே பாலைவனக் காற்று. பல மடங்கு பணம் கொடுத்து அவர் வாங்கியிருப்பது உடலியலின் கணக்கில் ஒன்றே ஒன்றுதான்: தன் காலைத் தன் இதயத்தின் மட்டத்துக்குக் கொண்டுவரும் உரிமை.

ரத்தம் கிட்டத்தட்ட தண்ணீரின் எடைதான். உடல் முழுக்க அது தொடர்ச்சியாக நிற்பதால், இதயத்துக்கு எவ்வளவு கீழே போகிறோமோ அவ்வளவு அழுத்தம் கூடும். கிணற்றின் ஆழத்தில் கூடுவதுபோல. அசையாமல் நிற்பவரின் கணுக்காலில் சிரைகளின் அழுத்தம் பாதரச அளவில் சுமார் 90 மில்லிமீட்டர். உட்கார்ந்தால் 50, 60. நடக்கத் தொடங்கினால் அதுவே 30-க்குக் கீழே இறங்கிவிடுகிறது. நடப்பவர் நின்றுகொண்டுதானே நடக்கிறார், கிணற்றின் ஆழம் குறையவில்லையே?

குறைப்பது ஆடுசதை. நம் ஊர் அடிபம்பை நினைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடியை அடித்தால் தண்ணீர் மேலே வருகிறது. கையை எடுத்தால் உள்ளே இருக்கும் வால்வு மூடிக்கொண்டு தண்ணீர் கீழே போகாமல் தடுக்கிறது. காலின் ஆழ்சிரைகள் ஆடுசதைக்கு நடுவே புதைந்திருக்கின்றன. குதிகால் உயரும்போது சதை சுருங்கிச் சிரையைப் பிழிகிறது, ரத்தம் மேலே ஏறுகிறது. சதை தளரும்போது சிரைக்குள் இருக்கும் வால்வுகள் மூடிக்கொள்கின்றன. அந்த வால்வுகள் ஒரே திசையில்தான் திறக்கின்றன என்ற கண்டுபிடிப்பு, ரத்தம் உடலைச் சுற்றி ஓடுகிறது என்று வில்லியம் ஹார்வி 1628-ல் நிறுவியபோது அவருக்கு முக்கியமான சாட்சியாக நின்றது. இதயம் ரத்தத்தைப் பாதம் வரைக்கும் தள்ளிவிடும். திரும்பக் கொண்டுவருவதில் பெரும்பங்கு ஆடுசதையின் பொறுப்பு. ஆடாத நேரத்தில் ஆடுசதையால் ஒன்றும் செய்ய முடியாது. பெயரிலேயே அது இருக்கிறது.

அந்த அம்மாவின் பம்பு ஆறு மணி நேரமாக நின்றிருந்தது. அழுத்தம் குறையாத சிரைகளுக்குப் பின்னால் நுண்குழாய்கள் விம்மின; அவற்றின் சுவர் வழியே ரத்தத்தின் நீர்ப்பகுதி சதைக்குள் கசிந்தது. கசிவைத் திரும்ப எடுத்துப்போகும் நிணநீர் நாளங்களும் அசைவை நம்பி ஓடுபவைதான். வெளியேற வழியில்லாத நீர் தோலுக்கடியில் தேங்கியது, வெள்ளி வளையத்துக்கு இளகத் தெரியவில்லை. அவர் கேள்விக்குப் பதில் இதுதான்: ஒரு வேலையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்ததால்தான் வீங்கியது.

இதில் இன்னொன்றும் சேர்ந்திருந்தது. அதை நான் குனிந்து பார்த்தபோதுதான் கவனித்தேன். அவர் உயரம் ஐந்தடிக்கும் குறைவு. இருக்கையின் முன்விளிம்பு தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை அடி. அவர் பாதம் தரையில் படவே இல்லை. பெருவிரல் நுனி மட்டும் கம்பளத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. காலின் முழு எடையும் தொடையின் அடிப்பகுதி வழியாக அந்த விளிம்பில் தொங்கியது. அங்கேதான், முழங்காலுக்குப் பின்னால், காலிலிருந்து வரும் பெரிய சிரை மேலேறுகிறது. மடிந்திருப்பது போதாதென்று அதன் மேல் ஒரு பாரம்.

1940-ல் லண்டன் மீது ஜெர்மன் விமானங்கள் குண்டு வீசிய இரவுகளில், மக்கள் பதுங்கிடங்களில் சாய்வு நாற்காலிகளில் உட்கார்ந்தபடியே தூங்கினார்கள். காலையில் எழுந்து நடக்கும்போது சிலர் திடீரென விழுந்து இறந்தார்கள். பிணப் பரிசோதனை செய்த கீத் சிம்ப்சன் என்ற மருத்துவர், காலில் உறைந்த ரத்தக்கட்டி பிரிந்து நுரையீரலை அடைத்திருப்பதைக் கண்டார். நாற்காலியின் முன்சட்டம் தொடையை அழுத்தியதும் அசைவின்மையும்தான் காரணம் என்று அந்த ஆண்டே லான்செட் இதழில் எழுதினார். 1954-ல் ஜான் ஹோமன்ஸ் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர், நெடுநேரம் உட்கார்ந்திருந்தவர்களின் காலில் ரத்தம் உறைந்ததைப் பதிவு செய்தார். அவர்களில் ஒருவர் பதினான்கு மணி நேரம் விமானத்தில் வந்த ஒரு டாக்டர். 1977-ல் இதற்கு ‘எகானமி கிளாஸ் சிண்ட்ரோம்’ என்று பெயர் விழுந்தது.

ரத்தம் உறைவதற்கு மூன்று காரணங்களைச் சொல்வது மருத்துவ மரபு: ஓட்டம் மந்தமாவது, நாளச்சுவர் புண்படுவது, ரத்தத்தின் உறையும் தன்மை கூடுவது. ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ஹோவின் பெயரில் வழங்கும் மும்மை இது. ஆழ்சிரையில் கட்டி பெரும்பாலும் தொடங்குமிடம் வால்வுகளின் பின்பக்கச் சிறு குழிவுகள். ஓடாத ஆற்றின் மடுவில் பாசி படிவதுபோல அங்கே ரத்தம் தேங்குகிறது. பம்பைக் காப்பாற்றும் வால்வே பம்பு நின்றதும் ஆபத்தின் இருப்பிடமாகிவிடுகிறது.

ஆபத்து எவ்வளவு? உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வெளியிட்ட ஆய்வின்படி, நாலு மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்தால் ஆழ்சிரை ரத்த உறைவின் வாய்ப்பு இரண்டு, மூன்று மடங்காகிறது. ஆனால் அடிப்படை வாய்ப்பே மிகச் சிறியது என்பதால், ஆரோக்கியமானவர்களில் சுமார் 6,000 பேருக்கு ஒருவர் என்ற கணக்குதான் வருகிறது. பஸ்ஸிலும் காரிலும் ரயிலிலும் நெடுநேரம் உட்கார்ந்து போனாலும் வாய்ப்பு கூடுவதை நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2006-ல் காட்டினார்கள். சென்னையிலிருந்து நாகர்கோவிலுக்கு இரவு முழுக்க உட்கார்ந்து போகும் பஸ்ஸும் இந்தக் கணக்கில் அடக்கம். அதே ஆய்வில் என்னை நிறுத்தியது ஒரு தகவல். விமானப் பயணத்தில், 160 சென்டிமீட்டருக்குக் குறைவான உயரமுள்ளவர்களுக்கு ஆபத்து கூடுதல். நம் ஊர்ப் பெண்களில் மிகப் பெரும்பாலோர் அந்த உயரத்துக்குக் கீழேதான் இருக்கிறார்கள். ஜன்னலோர இருக்கையும் ஆபத்தைக் கூட்டுவதாக இதன் தொடர்ச்சியான இன்னொரு ஆய்வு சொன்னது. ஏன் என்பதை அந்த அம்மாவே சொல்லிவிட்டார்: “ரெண்டு பேரை எழுப்பணுமேன்னு தண்ணியே குடிக்கல தம்பி.”

மெலிந்த காற்றுக்கும் இதில் பங்கு உண்டா? ஆய்வாளர்களிடையே இன்னும் ஒத்த கருத்து வரவில்லை. பிரிட்டனில் 73 பேரைக் குறைந்த அழுத்த அறையில் எட்டு மணி நேரம் உட்காரவைத்துப் பார்த்தபோது, உறையும் தன்மையில் மாற்றம் தெரியவில்லை. நெதர்லாந்தில் 71 பேரை ஒரு நாள் எட்டு மணி நேரம் விமானத்திலும், இன்னொரு நாள் எட்டு மணி நேரம் தொடர்ந்து சினிமாவிலும் உட்காரவைத்தார்கள். விமானத்தில் மட்டும் சிலருக்கு, குறிப்பாகப் பரம்பரைக் கூறு உள்ள, கருத்தடை மாத்திரை உண்ணும் பெண்களுக்கு, உறையும் தன்மை கூடியது. இரண்டும் 2006-ல் வந்தவை. எல்லோருக்கும் பொதுவான காரணம் இருக்கைதான் என்பதும், சிலருக்கு உயரமும் கூடச் சேர்கிறது என்பதும் என் புரிதல்.

அப்படியிருக்க, இருக்கையின் அளவை உடல்நலப் பிரச்சினையாக யாரும் பார்க்காதது எனக்கு ஆறவே இல்லை. முன்பு 34, 35 அங்குலமாக இருந்த வரிசை இடைவெளி பல விமானங்களில் 31, 30 என்று வந்து நிற்கிறது. வரிசைக்கு ஒன்பது இருக்கைகளோடு வந்த 777-ல் பத்தாவதைச் செருகியதும் அகலம் 17 அங்குலமாகச் சுருங்கியது. சட்டம் கவலைப்படுவது ஒன்றைப் பற்றித்தான்: ஆபத்தில் பாதிக் கதவுகளை மட்டும் திறந்து 90 நொடிக்குள் எல்லோரும் வெளியேற முடியுமா என்று. அது அவசியமான கேள்வி. 2006-ல் ஹாம்பர்க்கில் ஏ380-லிருந்து ஊழியர்கள் உட்பட 873 பேர் 78 நொடியில் வெளியேறிக் காட்டினார்கள். 2018-ல் அமெரிக்க நாடாளுமன்றம் இருக்கைக்குக் குறைந்தபட்ச அளவு வகுக்கச் சொன்னபோதும், அங்குள்ள விமானத் துறை நடத்திய சோதனை வெளியேறும் வேகத்தைப் பற்றியதுதான். அதில் கலந்துகொண்டவர்கள் 60 வயதுக்கு உட்பட்ட திடகாத்திரமானவர்கள். என் பக்கத்தில் இருந்த அம்மாவுக்கு அந்தச் சோதனைக்குள் நுழையவே இடமில்லை. பதினாறு மணி நேரம் கழித்து அவர் கால் எப்படி இருக்கும் என்ற கேள்வி எந்தப் படிவத்திலும் இல்லை.

*

என்ன செய்யலாம் என்று கேட்டார். அவர் கைப்பையை இருக்கைக்கு முன்னால் படுக்கவைத்துப் பாதத்துக்கு அடியில் தள்ளினேன். தொடை விளிம்பிலிருந்து எழும்பியது. முழங்கால் வரை இறுக்கிப் பிடிக்கும் மருத்துவக் காலுறை போட்டிருந்தால் இன்னும் நல்லது. 2,600-க்கும் மேற்பட்ட பயணிகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு மதிப்பாய்வில், அறிகுறி காட்டாத ரத்த உறைவு 50 பேருக்கு இருந்தது. அவர்களில் 47 பேர் காலுறை அணியாதவர்கள், 3 பேர் அணிந்தவர்கள். அடுத்த பயணத்துக்கு வாங்கிக்கொள்ளச் சொன்னேன். ஆஸ்பிரின் போட்டுக்கொண்டால் போதும் என்று மகள் வீட்டுப் பக்கத்தில் யாரோ சொன்னார்களாம். எல்லோருக்குமான மருந்து அல்ல அது. டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம் என்றேன்.

பிறகு நானும் இருக்கை மாற்றிக்கொண்டேன். அவர் நடுவில், நான் ஜன்னலில். ஓரத்தில் இருந்த இளைஞர், எத்தனை முறை எழுப்பினாலும் முகம் கோணாத பிள்ளை. மணிக்கு ஒருமுறை அம்மா பின்கட்டுக்கு நடந்துபோனார். சமையல் பகுதிக்குப் பக்கத்தில் கொஞ்சம் நிற்க இடம் உண்டு. அங்கே செய்வதற்கு ஒரு பயிற்சி சொன்னேன், உடனே பிடித்துக்கொண்டார். “மேல் தட்டுல இருக்கற டப்பாவ எட்டி எடுக்கற மாதிரி, அதானே?” அதேதான். குதிகாலைத் தூக்கி, எட்டி, இறங்கி. ஒவ்வொரு எட்டலும் அடிபம்பின் ஓர் அடி.

ஜன்னல் மறைப்பை ஒரு விரல் அளவு தூக்கிப் பார்த்தேன். ஜூன் மாதம், வளைகுடாவில் காலையில் கிளம்பியவர்களுக்கு வடதுருவத்தை ஒட்டிய பாதையில் சூரியன் மறையவே இல்லை. வெள்ளைப் பனிக்கட்டி மேல் வெயில் கண்ணைக் குத்தியது. உள்ளே விளக்கையெல்லாம் அணைத்து ஓர் இரவை ஜோடித்திருந்தார்கள். மூளைக்குள், இரு கண் நரம்புகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்துக்கு மேலே, சுமார் 20,000 நரம்பணுக்கள் சேர்ந்த ஒரு கொத்து உடலின் கடிகாரத்தை ஓட்டுகிறது. ஜோடித்த இரவை அது நம்புவதில்லை. அம்மாவின் கடிகாரம் இன்னும் கும்பகோணத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அது கலிஃபோர்னியாவுக்குப் பன்னிரண்டரை மணி நேரம் முந்தியது. ஒரு நாளைக்கு ஒரு மணி, ஒன்றரை மணி என்றுதான் நகரும். அவருக்குத் தூக்கம் மிகவும் அழுத்தும் விடிகாலை நாலரை, அங்கே மாலை நாலு. அடுத்த ஒரு வாரம் பத்து நாள், மகள் காபி போடும் நேரத்தில் அம்மாவுக்குக் கண் சொருகும். ஊர் உறங்கும் மூன்று மணிக்கு அம்மா அடுக்களையில் விளக்கைப் போடுவார். மகளிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், பகலில் வெயில் படும்படி நடங்கள் என்றேன்.

சான் பிரான்சிஸ்கோவில் இறங்கும்போது மதியம் இரண்டு மணி. மேலே பறக்கும்போது நான் குடித்துவிட்டு மூடிவைத்த தண்ணீர் பாட்டில், தொட்டபெட்டாக் காற்றோடு கீழே வந்து நெளிந்து ஒடுங்கிக் கிடந்தது. குடியேற்ற வரிசை வளைந்து வளைந்து நீண்டது. எனக்கு முன்னால் நின்ற அம்மா ஒவ்வொரு முறை வரிசை நின்றபோதும் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்கினார். பின்னால் நின்ற யாரோ பார்த்தார்கள், அவர் கவலைப்படவில்லை. பாதி வரிசை போனதும் செருப்பிலிருந்து பாதத்தை உருவி, மற்றக் கால் விரலால் மெட்டியைத் தள்ளிப் பார்த்தார்.

“முழுசா விடல தம்பி. ஆனா சுத்துது.”